பார்த்துப் போடு

புளிக்காரி கூடையை இறக்கி வைப்பதற்கு முன்பே பிரம்மநாயகி அம்மாள் தொடங்கிவிடுவாள். “எந்த ஊருப் புளி இது? ராதாபுரம் பக்கமா? மரம் ரோட்டு ஓரமா நிக்குதா, தோட்டத்துக்குள்ளயா? கொட்டை எடுத்தது நீயா, உன் மாமியாளா? போன மழையில நனையலியே?” ஒன்றுக்குப் பதில் வருவதற்குள் அடுத்தது வந்து விழும். பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் வலது கைப் பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கும். எதையும் எண்ணுவதில்லை. விரலுக்கு ஒரு வேலை, அவ்வளவுதான்.

திருநெல்வேலி மேலரத வீதியை ஒட்டிய சந்தில், பின்கட்டில் கிணறும் ஒரு பசுவும் உள்ள வீடு அவளுடையது. வயது நாற்பத்தைந்து இருக்கலாம். ஒல்லியான உடம்பு, காதில் சிவப்புக்கல் தோடு, எப்போதும் எதையோ பாதியில் விட்டுவிட்டு வந்தவள் போன்ற நடை. கோயில் ஓதுவாரைக்கூட அவள் விடுவதில்லை. “நேத்து உங்க தொண்டை கம்மிப்போச்சே, மோரு குடிச்சியளா?” என்று சந்நிதியிலேயே கேட்டவள். கணவர் பாபநாசம் பிள்ளை சர்க்கார் ஆபீஸில் ஹெட் கிளார்க். “உனக்குப் பதில் சொல்லிச் சொல்லியே என் பல்லு கொட்டிரும்” என்பார். அவள் விட்டுக்கொடுக்க மாட்டாள். “முன்னாலயே கேட்டு வச்சுக்கிட்டா பின்னால பதற வேண்டாம் பாருங்க.”

ஆனால் அந்தத் தெருவில் அவளைவிட அதிகம் பதறியவர்கள் யாரும் இல்லை.

ஒரே மகன் கைலாசம். என்ஜினீயர் படிப்புக்காக அவனை மான்செஸ்டருக்கு அனுப்பியபோது, கடல் கடக்கிறான் என்று சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அந்த வீட்டில் கை நனைப்பதை நிறுத்திவிட்டார்கள். போவதற்கு முந்திய வருஷம் அவனுக்குக் கல்யாணம் நடந்திருந்தது. பெண், பிரம்மநாயகியின் சொந்த அண்ணன் மகள், அம்பாசமுத்திரத்துக் கோமு. கல்யாணத்தின்போது அவள் சின்னப் பெண். பெரியவளாகிப் புகுந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது புருஷன் சீமையில் இருந்தான். ஆகவே கோமுவுக்குக் கணவனைவிட மாமியாரைத்தான் நன்றாகத் தெரியும். அத்தை எந்தக் கேள்வியை எப்போது கேட்பாள் என்பதுகூடத் தெரியும்.

படிப்பு முடியும் தறுவாயில், ஜெர்மன்காரனோடு நடந்த சண்டை உச்சத்தில் இருந்தபோது, ஆகாய விமானப் படையில் சேர்ந்துவிட்டதாகக் கைலாசம் எழுதினான். பாபநாசம் பிள்ளைக்கு ஆபீஸில் ஒரே நாளில் மரியாதை ஏறியது. துரை எழுந்து நின்று கை குலுக்கினார். உடுப்போடு கைலாசம் நிற்கும் படம் ஒன்று தபாலில் வந்தது. கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். பிரம்மநாயகி படத்தைப் பார்த்தாள். பிறகு கடிதத்தைக் கையில் வைத்திருந்த மருமகளைப் பார்த்தாள்.

“உக்காந்துக்கிட்டுப் போவானா, நின்னுக்கிட்டா?”

“உக்காந்துதான் அத்தை. முன்னால ஒரு வெள்ளக்காரரு ஓட்டுவாராம். அத்தான் பின்னால இருப்பாவளாம்.”

“மேல மூடி இருக்கா?”

“இல்லியாம்.”

“மழை பெய்ஞ்சா?”

கோமு கடிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். மழையைப் பற்றி அவன் எழுதவில்லை. குளிர் தாங்காமல் முகத்தில் கொழுப்பைப் பூசிக்கொள்வதாக எழுதியிருந்தான். அதைப் படிக்காமல் விட்டுவிடலாமா என்று அவள் யோசித்த அந்தக் கணத்தைக்கூட மாமியார் கவனித்துவிட்டாள். “எதையோ முழுங்குதியே, என்னது அது?” படிக்க வேண்டியதாயிற்று. எந்த மிருகத்தின் கொழுப்பு என்று கேட்டாள் பிரம்மநாயகி. அதற்குப் பதில் கிடைக்காமலே அன்று சாப்பிட உட்கார்ந்து, பாதியில் எழுந்துவிட்டாள்.

பின்னால் உட்கார்ந்து என்ன வேலை பார்க்கிறான் என்பது அடுத்த கடிதத்தில்தான் தெரிந்தது. எதிரி விமானம் வந்தால் சுட வேண்டும். மற்றபடி குண்டு போட வேண்டும். எதிரியின் பட்டாளமும் சாமானும் ரயிலில் போவதால் பெரும்பாலும் ரயில் ஸ்டேஷன்கள்மேல்.

அந்தச் சித்திரையில் கோமுவின் தம்பிக்கு, அவள் பிறந்த வீட்டில் ஒரு காதுகுத்து. அம்பாசமுத்திரம் போக மூன்று பேரும் ஆற்றுப் பாலத்து ஸ்டேஷனுக்கு வந்தார்கள். வண்டி தாமதம். பிரம்மநாயகி மூட்டைமேல் உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்தாள். மேலப்பாளையத்துச் சாயபு ஒருவர் ஜவுளிக் கட்டுகளுக்கு நடுவே வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். வேப்பமரக் கிளையில் சேலைத் தொட்டில் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. குழந்தையின் தாய் பக்கத்தில் உட்கார்ந்து தலைவிரித்து ஈர் உருவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ப் பந்தலில் ஒரு கிழவர் குவளையை உயர்த்தி வாயில் படாமல் குடித்தார். சுமை தூக்குகிறவர்கள் பிளாட்பாரத்தில் கால் நீட்டித் தூங்கினார்கள். பிரம்மநாயகியின் பெருவிரல் கணுக்களில் ஓடத் தொடங்கியது.

“ஸ்டேஷன்னா இதுதானே?” என்றாள் கணவரிடம்.

“ஏன், உனக்கு வேற எது?”

“இல்ல, அவன் குண்டு போடுதானே, அந்த ஸ்டேஷனும் இப்படித்தானே இருக்கும்?”

“அது சண்டைக்காரன் ஸ்டேஷன்.”

“சண்டைக்காரன் ஸ்டேஷன்ல தொட்டில் கெட்ட மாட்டாவளா?”

பாபநாசம் பிள்ளை அக்கம்பக்கம் பார்த்தார். “மெல்லப் பேசு. நாலு பேரு கேட்டா ஆபீஸ் வரைக்கும் போயிரும்” என்று சொல்லிவிட்டு மணி கேட்கப் போவதுபோல் நகர்ந்தார். வண்டி வந்து ஏறிய பிறகும் பிரம்மநாயகி தொட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காதுகுத்து வீட்டில் அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அண்ணன் பயந்துபோய், தங்கைக்கு உடம்பு சரியில்லையா என்று கோமுவைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார்.

ஊர் திரும்பிய மறுநாள், பிள்ளை ஆபீஸுக்குப் போனதும், மருமகளை எழுத உட்கார வைத்தாள். கோமு மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வழக்கமான க்ஷேம சமாசாரங்கள் முடிந்ததும் பிரம்மநாயகி சொன்னாள்: “இத எழுது. எய்யா, போடுததுக்கு முந்தி கீழ பொம்பளையள், புள்ளகுட்டியள் இருக்காவளான்னு பார்த்துப் போடு. அவசரப்படாத. பையப் பார்த்துப் போடு.”

கோமு பேனாவை எடுக்கவில்லை. “மாமாகிட்ட ஒரு வார்த்தை...”

“மாமாகிட்டக் கேட்டா எழுத விடுவாவளா?”

கோமு எழுதினாள். பசை தடவி ஒட்டியதும் அவளே. தபால் போன பிறகு பிரம்மநாயகிக்குக் கொஞ்ச காலம் நல்ல தூக்கம் வந்தது.

ஆவணியில் தந்தி வந்தது. அது வீட்டுக்கு வரவில்லை, ஆபீஸுக்கு வந்தது. பாபநாசம் பிள்ளை தலைப்பாகையைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். பகல் வேளையில் அவர் வீடு திரும்பியதே கிடையாது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த பிரம்மநாயகி எதுவும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார். குண்டு போடப் போன விமானம் திரும்பி வரவில்லை. “கைலாசத்தைக் காணலைன்னு போட்டிருக்கான்.”

“காணலைன்னா?”

“காணலைன்னா காணலை. வேற ஒண்ணும் போடலை.”

பாபநாசம் பிள்ளையின் அக்காள் பாலம்மாள் அடுத்த தெருவில் இருந்தவள், கணவனை இழந்தவள். செய்தி கேட்டதும் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். சொந்தபந்தங்கள் கூடினார்கள். கை நனைக்காமல் இருந்தவர்கள்கூட வந்தார்கள். பிரம்மநாயகி யாரையும் அழவிடவில்லை. “காணலைன்னுதான் சொல்லியிருக்காவ. அழுறவிய உங்க வீட்ல போய் அழுங்க” என்றாள். அவள் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் கோமுவின் கையைப் பிடித்தாள்.

“பார்த்துப் போடச் சொன்னோமே கோமு. மேல இருந்து பார்த்தா தெரியாதுலா? தெரியணும்னா கீழ வரணும்லா? கீழ வந்தா சுட்டிருப்பாவல்லா?”

“கடிதாசி போய்ச் சேந்திருக்காது அத்தை. கப்பலெல்லாம் முங்கிப்போகுதுன்னு மாமா சொல்லலியா?”

“சேந்திருந்தா?”

எழுதிய கை தன்னுடையது என்பது கோமுவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாளியைக் கிணற்றில் விட்டவள் இழுக்காமல் கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள். அதற்குப் பிறகு இருவரும் இதைப் பற்றிப் பேசவில்லை. பாபநாசம் பிள்ளைக்குக் கடிதத்தைப் பற்றி யாரும் சொல்லவுமில்லை.

புரட்டாசி வந்தது. ஒரு செய்தியும் இல்லை. பாலம்மாள் ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கெட்டவள் அல்ல. கைலாசத்தைத் தோளில் தூக்கி வளர்த்தவள்.

“ஏளா பிரமு, கோவிக்காதே. எனக்கு மட்டும் ஆசையா? அவன் போயிருந்தான்னா, இங்கன எள்ளும் தண்ணியும் விடாம நாம இருந்தா, தாகத்துல அலைவாம்லா. புள்ளையத் தண்ணிக்குத் தவிக்க விடலாமா? செய்ய வேண்டியதச் செய்திருவோம்.”

செய்ய வேண்டியது என்றால் கோமுவின் தாலியும் அதில் சேர்ந்தது. அடுப்படி வாசலில் கோமு நின்றுகொண்டிருந்தாள்.

“அவன் இருந்தான்னா?” என்றாள் பிரம்மநாயகி. “இருக்கிறவனுக்கு எள்ளுத் தண்ணி விடலாமா மதினி?”

பாலம்மாள் எழுந்து போனாள். ஆனால் தாகத்தில் அலைவான் என்ற சொல்லை அவள் எடுத்துக்கொண்டு போகவில்லை. அது வீட்டிலேயே தங்கிவிட்டது. பிரம்மநாயகி தண்ணீர்ச் செம்பை வாயருகே கொண்டுபோய் அப்படியே கீழே வைத்துவிடுவாள். தண்ணீரை ஊற்றினாலும் தப்பு, ஊற்றாவிட்டாலும் தப்பு என்று ஒரு தாய் எத்தனை நாள் நிற்க முடியும்?

அவள் நின்றாள். தினமும் சாயங்காலம் பிச்சிப்பூ வாங்கினாள். பூக்காரி முதலில் தயங்கினாள். தெருப் பெண்கள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். அவர்கள் பார்க்கும்படி வாசலிலேயே மருமகளை உட்கார வைத்துத் தலைவாரி, பூவை வைத்தாள். ஒருநாள் கோமு தலையைக் குனிந்துகொண்டாள்.

“அத்தை, பூ கனக்குது.”

“தெரியும். கழட்டிராத கோமு. நீ கழட்டினா நானும் நம்பிருவேன்.”

ஐப்பசியில் ஊரெல்லாம் விஷக்காய்ச்சல். தெருவில் சாவுச் சங்கு ஓயவில்லை. அந்தக் காய்ச்சலுக்கு நடுவே சண்டை முடிந்த செய்தி வந்தது. பாளையங்கோட்டையில் கூட்டம் போட்டு வாணவேடிக்கை விட்டார்கள். ஆகாய வீரனின் தகப்பனார் என்று பாபநாசம் பிள்ளையை மேடையில் ஏற்றி மாலை போட்டார்கள். போட்டவரே அது வாழ்த்தா துக்கமா என்று புரியாமல் தயங்கினாராம். மாலையோடு வீட்டுக்கு வந்த பிள்ளை கூடத்தில் நின்றார். மகனின் படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருந்தது. மாலையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கையில் பிடித்தபடி ஆணியையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிரம்மநாயகி விறுவிறுவென்று வந்து மாலையைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பசுவின் தொட்டியில் போட்டாள். பசு ஜரிகை நூலைத் துப்பிவிட்டுப் பூவை மட்டும் தின்றது.

தை பிறந்து சில நாள் கழித்து, பாபநாசம் பிள்ளை செருப்பை ஆபீஸிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தார். கைலாசம் உயிரோடிருந்தான். ஜெர்மனியில் கைதியாகப் பிடிபட்டு, கால் முறிந்து, காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்து, இப்போது லண்டனுக்கு வந்து சேர்ந்துவிட்டான். பாலம்மாள்தான் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதாள். பிரம்மநாயகி தரையில் உட்கார்ந்து, “எந்தக் கால்?” என்று கேட்டாள். பிறகு வரிசையாக வந்தன கேள்விகள்: கட்டுப் போட்டது யார், நாட்டு வைத்தியனா, டாக்டரா, கஞ்சி கொடுத்தார்களா. பிள்ளை ஒன்றுக்கும் பதில் தெரியாமல் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுப்படியில் கோமு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தாள். தலையில் முதல்நாள் பூ.

வைகாசியில் அவன் ஊர் வந்தான். கம்பு ஊன்றி நடந்தான். இளைத்திருந்தான், ஆனால் பேச்சு குறையவில்லை. ஜெர்மானியர்கள் கொடுத்த கோசுக்கிழங்குக் கஞ்சியைப் பற்றியும், தன் விமானத்தை ஓட்டி, பக்கத்துப் படுக்கையில் செத்துப்போன விமானியைப் பற்றியும் சொன்னான். மீசை முளைக்காத வெள்ளைக்காரப் பையன். தூக்கத்தில் அம்மாவைக் கூப்பிடுவானாம். கோமுவிடம் பேச மட்டும் அவனுக்குக் கூச்சம். அவள் தண்ணீர் கொண்டுவந்தால் எழுந்து நின்று வாங்கினான். பாலம்மாள் அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் களைத்தாள்.

பிரம்மநாயகி கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள். விழுந்த இடத்தில் ஊர் சனங்கள் அடித்தார்களா என்றுகூடக் கேட்டாள்.

“அடிச்சாவ. அன்னைக்குக் காலைலதான அவுக ஊரு மேல போட்டோம். நானா இருந்தாலும் அடிச்சிருப்பேன்மா.”

ஒன்றை மட்டும் அவள் கேட்கவில்லை. கடிதம் வந்ததா என்பதை. கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் இரண்டு பதில்களும் அவள் முன்னால் வந்து நின்றன. வந்தது, பார்ப்பதற்காகத்தான் தாழ இறங்கினோம் என்றால், அந்தக் காலை முறித்தவள் அவள். அந்த மீசை முளைக்காத பையனைக் கொன்றவளும் அவள். வரவில்லை என்றால், மகன் கீழே பார்க்காமலே போட்டிருக்கிறான். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கேள்வியை விழுங்கிக்கொண்டு வளையவந்தாள். கோமுவும் அதை விழுங்கிக்கொண்டுதான் பரிமாறினாள்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். கிணற்றடியில் மணையைப் போட்டு, முறிந்த காலை நீட்டி உட்கார்ந்தான் கைலாசம். கோமு அடுப்படியில் வெந்நீருக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். பிரம்மநாயகி காய்ச்சிய நல்லெண்ணெயை உள்ளங்கையில் ஏந்தி மகனின் உச்சியில் வைத்துத் தட்டினாள். முடியை விரலால் பிரித்துப் பிரித்துத் தேய்த்தாள். அவன் கண்ணைத் திறந்தபடியே கிணற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உங்க கடிதாசி வந்துதும்மா” என்றான். “பார்த்துப் போடச் சொல்லி எழுதுனியள்ளா, அது.”

தேய்த்த கை நின்றது. அடுப்படியில் விறகு தள்ளும் சத்தமும் நின்றது.

“எப்ப?”

“ஆனியில. நாங்க விழுந்தது அதுக்கு ரொம்பப் பொறவு. என்ஜின்ல சுட்டுட்டான். தாழ எல்லாம் போகலை. தாழப் போக விடமாட்டாவ.”

பிரம்மநாயகி மூச்சை விட்டாள். அது நீளமாக வந்தது. ஆனால் அவன் முடிக்கவில்லை.

“கடிதாசி வந்த மறுநாளு போனேன். நீங்க சொன்னியளேன்னு எட்டிப் பார்த்தேன். அவ்வளவு உசரத்துல இருந்து ஒண்ணும் தெரியாதும்மா. தண்டவாளம் மட்டும் வகிடு எடுத்தாப்ல தெரியும். ஆளு, வீடு, எதுவும் தெரியாது.”

“பொறவு?”

“போட்டேன்.”

அவள் எண்ணெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

“அதுக்கு முந்தி எட்டியே பார்த்ததில்ல. அதுக்குப் பொறவு ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். இப்பவும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

பசு தொட்டியில் முகத்தை இடித்தது. பிரம்மநாயகி இன்னொரு கை எண்ணெயை எடுத்து அவன் உச்சியில் விட்டாள்.

“கண்ண மூடிக்கோ எய்யா. எண்ணெ வடியுது” என்றாள்.

எண்ணெய் இன்னும் நெற்றிக்கே வந்திருக்கவில்லை. அவள் இடது உள்ளங்கையால் மகனின் இரண்டு கண்களையும் பொத்தி, அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கோமு வெந்நீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நீர் ஆறத் தொடங்கிய பிறகும் பிரம்மநாயகி கையை எடுக்கவில்லை.